பன்னிரண்டாம் திகதிக்கு முன் நீக்க வேண்டிய ஒரு சட்டம்

கோட்-டெ-நெய்ஜ்,
மொன்றியால்.
27.2.1987

ஒட்டாவா நகரில் மத்திய அரசாங்கத்தின் பாதிப் பாரத்தைத் தனியொருவனாகத் தாங்கி நிற்கும் என் அருமை மருமகன் யோகேந்திரனுக்கு, மூக்கு நுனியும் இரண்டு முழங்கால்களும் நீங்கலாக மற்ற உறுப்புகள் யாவும் சுகமாயிருக்கிற மாமன் பூபாலசிங்கம் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவி மக்களும் மூக்கு, முழங்கால் உட்பட முழுச் சுகத்தோடு இருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டுகிறேன். இங்கே குளிர் எப்படி என்று கேட்பாய். நேற்றுக் காலை பஸ் தரிப்பில் நான் விட்ட கொட்டாவி அப்படியே உறைந்து கீழே விழுந்து, பின்னால் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி அதில் சறுக்கப் பார்த்தாள். மற்றப்படி குறையொன்றும் இல்லை.

நான் சுற்றி வளைத்துக் கதைக்கிற ஆளில்லை என்பது உனக்குத் தெரியும். ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கனடா தேசத்தில், அத்திலாந்திக் கரை தொடங்கிப் பசிபிக் கரை வரைக்கும், கஞ்சாவுக்கு இருக்கிற தடையை எப்போது நீக்கப் போகிறார்கள்? மார்ச் பன்னிரண்டாம் திகதிக்கு முன் நீக்கினார்களானால் எனக்கு மிகவும் வசதி. பதினோராம் திகதி பின்னேரம் என்றாலும் பரவாயில்லை, சமாளிப்பேன். நீ மீன்பிடித் திணைக்களத்தில் ஐந்தாம் மாடியில் இருந்து மீன் எண்ணுகிறாய் என்று உன் அம்மா எழுதியிருந்தாள். சட்டம் செய்கிறவர்கள் ஆறாம் மாடியிலோ ஏழாம் மாடியிலோதான் இருப்பார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு எட்டு மேலே ஏறிக் கேட்டால் உனக்கு என்ன குறைந்துவிடும்?

மாமனுக்கு வயது அறுபத்தொன்றாகிறது, இந்த வயதில் புதுப் பழக்கம் பழகுகிறார் போல என்று நினைத்துவிடாதே. பன்னிரண்டாம் திகதி காலை பத்து மணிக்கு என்னுடைய அகதி விசாரணை. கையை உயர்த்திச் சத்தியம் பண்ணிவிட்டு, கேட்கிற கேள்விக்கெல்லாம் உண்மை சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டார்களானால் உன் மாமி கனகமணியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அவள் மட்டக்களப்பு வீட்டில் இரண்டரை வருஷமாகத் தனியே இருக்கிறாள். இருட்டினால் கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு அதன் மேலேயே படுக்கிறாளாம். இதைக் கடிதத்தில் நெல் விலை எழுதுகிற மாதிரி எழுதியிருந்தாள். ஆகவே அந்தப் பத்து மணிக்கு மாமனுடைய பேரில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. இப்போது இருப்பதோ கீறல் இல்லை, வாய்க்கால்.

என்னுடைய முழங்கால்கள் உனக்குத் தெரியும். இங்கே ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிற உத்தியோகம் கிடைத்த நாள் முதல் அவை இரண்டும் என்னோடு பேசுவதில்லை. மண்டபம் எவ்வளவு நீளம் என்று நினைக்கிறாய்? இந்தத் தொங்கலில் துடைக்கத் தொடங்கும்போது மீசை கறுப்பு, அந்தத் தொங்கலுக்குப் போய்ச் சேரும்போது வெள்ளை. பொறுக்கமாட்டாமல் மாமிக்கு எழுதினேன், வீரக்குட்டிப் பரியாரியாருடைய லேகியத்தில் ஒரு சாடி அனுப்பு என்று. இருபத்திரண்டு வருஷம், ஒரு நாள் தவறாமல், பின்னேரத்தில் நெல்லிக்காயளவு உண்டு வந்த லேகியம் அது. நெய், கருப்பட்டி, சுக்கு, இன்னும் என்னென்னவோ, அவற்றுக்கெல்லாம் அரசனாக நடுவில் கஞ்சா இலை. உண்டு அரை மணித்தியாலத்தில் முழங்கால் நோ மறையும். ஒரு மணித்தியாலத்தில் முழங்காலே மறையும். பிறகு நான் கதைக்கத் தொடங்குவேன். மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் நான் எழுதிய புகழ்பெற்ற குறிப்புகள் எல்லாம் அந்த நெல்லிக்காய் தந்த ஞானம்தான், இதை வெளியில் சொல்லாதே. அங்கே அது களவும் இல்லை. நாட்டு வைத்தியனுக்கு மருந்துக்கு வேண்டியதை அரசாங்கமே அளந்து கொடுக்கும். அந்த அனுமதிச் சீட்டில் பதினொரு வருஷம் கையெழுத்து வைத்தவன் வேறு யாருமில்லை, உன் மாமன்தான்.

அந்தப் பழக்கத்தில் எழுதிப்போட்டேன், மருமகன். ஒரு அரசாங்கம் அளந்து கொடுக்கிற சாமானை இன்னொரு அரசாங்கம் பிடித்து அடைக்கும் என்று யாருக்குத் தோன்றும்? சாடி நாலு மாதம் கடலில் மிதந்து வந்து சேர்ந்தது. என்னிடம் அல்ல, சுங்கத்திடம். போன செவ்வாய்க்கிழமை பிரெஞ்சில் ஒரு கடுதாசி வந்தது. எனக்குப் பிரெஞ்சில் தெரிந்தது பொன்ஜூரும் மெர்சியும். இரண்டையும் அந்தக் கடுதாசியில் தேடினேன், ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுப் பையன் லூக், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன், தலைமயிர் தோளுக்குக் கீழே, மனம் அதைவிட மென்மை, அவனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். சாடியில் என்ன இருக்கிறது என்று மார்ச் நாலாம் திகதி நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். என்ன இருக்கிறது என்று அவனும் கேட்டான். சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி, கோயிலில் மூலஸ்தானத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். பிறகுதான் சொன்னான், வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதென்றால் சட்டப்படி ஏழு வருஷச் சிறைக்குக் குறையாது என்று.

என்னோடு அறையில் இருக்கிற மரியதாசனை உனக்குத் தெரியாது. திருகோணமலைப் பையன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாதவன், மற்ற ஆறு நாளும் பொய் சொல்லத் தயங்காதவன்.

"அண்ணை, ஜாம் எண்டு சொல்லுங்கோ. முடிஞ்சுது கதை."

"கறுப்பு ஜாமோ?"

"உலகத்தில எத்தினை ஜாம் இருக்கு! அவங்கள் என்ன, நக்கியே பாக்கப் போறாங்கள்?"

"அது சொல்லி எட்டு நாளில சத்தியம் பண்ணப் போறனடா. கனடா அரசாங்கத்துக்கு எப்பவாவது பொய் சொன்னனீங்களோ எண்டு கேட்டா?"

"அதுக்கும் இல்லையெண்டு சொல்லுங்கோவன்."

பையன் அங்கேதான் பிழைவிடுகிறான். பொய் சொல்லலாம், ஆனால் அதைக் கட்டிக் காக்க ஆயுசு வேண்டும். ஆகவே நான் யோசித்தேன். உண்மையும் சொல்ல வேண்டும், உள்ளேயும் போகக் கூடாது என்றால் ஒரே வழிதான் உண்டு. சட்டத்தை நீக்கிவிட வேண்டும். எனக்கு இதில் தனிப்பட்ட ஆசை கிடையாது, நீ அறிவாய். வழியை அடைத்துக்கொண்டு நிற்கிற மரத்தை வெட்டுகிற மாதிரி.

உடனே, தேசமளாவிய தடைநீக்கம் நடக்கக்கூடியதா என்று ஆராயத் தொடங்கினேன். லூக் தன் அறையிலிருந்து இரண்டு பெட்டி கடுதாசிகளைக் கொண்டுவந்து கொட்டினான். பதினைந்து வருஷத்துக்கு முன்னமே இந்த அரசாங்கம் ஒரு கமிஷன் வைத்ததாம். அந்தக் கமிஷன் ஊர் ஊராகப் போய், கண்டவர் நின்றவர் எல்லாரையும் விசாரித்து, பாகம் பாகமாக எழுதி, வைத்திருக்கிறவனைத் தண்டிக்கத் தேவையில்லை என்று சொல்லிக் கொடுத்ததாம். அரசாங்கம் மிகுந்த மரியாதையோடு வாங்கி வைத்ததாம். பிறகு? என்று கேட்டேன். பிறகு ஒன்றுமில்லை என்றான். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை. கமிஷன் வைத்தால் என்ன நடக்கும் என்று நம்முடைய சனத்துக்கு ஒருவரும் வந்து படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு விஷயம் பழுதாகாமல் நீண்ட காலம் கிடக்க வேண்டுமானால் உப்புப் போடுவார்கள், அல்லது கமிஷன் வைப்பார்கள். எதிர்க்கட்சியில் இருக்கிறபோது நீக்கத்தான் வேண்டும் என்கிறவர்கள், ஆசனத்தில் ஏறியதும் தெற்கே அமெரிக்காக்காரனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, போதைப்பொருள் நாட்டை அழிக்கிறது என்கிறார்களாம். இவ்வளவையும் கேட்டு நான் மனதுக்குள் ஒரு கணிப்புப் போட்டேன். கச்சேரி அனுபவம் பொய்க்காது. இன்னும் முப்பது வருஷம், கூடினால் ஒன்று. அதைச் சொன்னதும் லூக் விழுந்து விழுந்து சிரித்தான். "மிஸ்டர் பூபா, அடுத்த தேர்தலோடு முடிந்துவிடும்" என்றான். அடுத்த தேர்தல் பன்னிரண்டாம் திகதிக்கு முன் வருமா என்று கேட்டேன். அது வராதாம்.

வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் தடைநீக்க இயக்கத்துக்குக் கூட்டம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனான். விசாரிக்கத்தான் போனேன், மருமகன். மூலையில் இருந்து காது கொடுத்துவிட்டுத் திரும்புவது என்றுதான் தீர்மானம். பல்கலைக்கழகத்தில் நிலத்துக்குக் கீழே ஒரு அறை. பதினாலு பேர், சிலர் சப்பாணி கட்டி, சிலர் சுவரில் சாய்ந்து, ஒருவன் நித்திரை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து விவசாயம் படிக்கிற ஒருவன் வந்திருந்தான், நகத்துக்குள் மண், நல்ல பிள்ளை. மேசை இல்லை, தண்ணீர்க் கிளாஸ் இல்லை, குத்துவிளக்கு இல்லை. அவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தலைவர் இல்லை! வரவேற்புரை இல்லை! ஒருவன் தொடங்க மற்றவன் முடிக்க, மூன்றாமவன் வேறெதையோ தொடங்க, இதுவா கூட்டம்? மட்டக்களப்பில் நான் தலைமை தாங்காத கூட்டங்கள் இரண்டே இரண்டு. ஒன்று என்னுடைய கலியாணம், மற்றது மாதர் சங்கம். கை துறுதுறுத்தது. எழும்பிவிட்டேன்.

"தலைவர் ஆர்?" என்று கேட்டேன். எங்களில் தலைவர் கிடையாது, எல்லோரும் சமம் என்றாள் ஒரு பெண்பிள்ளை. "நல்லது, நீங்கள் ஒருவரைக் கண்டுபிடிக்கும்வரைக்கும் நான் இருக்கிறேன்" என்று சொல்லி நடுவில் வந்து நின்றேன். இந்தச் சட்டத்தால் சிறையில் வாடுபவர்களுக்காக இரண்டு நிமிஷம் மௌனம். நித்திரை கொண்டவன் ஏற்கெனவே அனுஷ்டித்துக்கொண்டிருந்தான். பிறகு தலைமையுரை, வெறும் நாற்பது நிமிஷம். சுருக்கிக்கொண்டேன். அரசாங்கம் அளந்து கொடுப்பது எப்படி, அனுமதிச் சீட்டு எத்தனை பிரதி, பரியாரியார் எப்படிக் கிண்டுவார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். அவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். கேட்கக் கேட்க எனக்கு ஏறியது. ஏறினால் நான் நிற்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக உண்கிறேன் என்றேன், என் அறிவுக்கு அதுவே காரணம் என்றேன், இப்போதும் ஒரு சாடி வந்து சுங்கத்தில் காத்திருக்கிறது என்றேன். கைதட்டு அடங்க ஐந்து நிமிஷம் சென்றது. பிறகு தீர்மானம். "மத்திய அரசாங்கம் நாடு முழுவதும் இந்தத் தடையை மார்ச் பன்னிரண்டாம் திகதிக்கு முன் நீக்க வேண்டும் என்று இச்சபை கேட்டுக்கொள்கிறது." திகதியை நான்தான் சேர்த்தேன். அதைப்பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "எந்த நாடு முழுவதும்?" என்றுதான் ஒருவன் கேட்டான். முதலில் கியூபெக் தனிநாடு ஆக வேண்டும், பிறகு நாங்களே நீக்கிக்கொள்வோம், ஒட்டாவாவிடம் கையேந்துவதில்லை என்றான். சபை இரண்டாகப் பிளந்தது. நான் அவனுடைய தோளில் கை வைத்து, "தம்பி, தனிநாடு எடுக்கிற வேலை எப்படிப்பட்டது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். பன்னிரண்டாம் திகதிக்கு முன் முடியாது" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு மெல்ல இருந்துவிட்டான். தீர்மானம் நிறைவேறியது.

இதோடு வந்திருந்தால் தப்பியிருப்பேன். ஆனால் பொன்னாடை இல்லாமல் கூட்டம் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. கழுத்தில் கிடந்த கம்பளிச் சால்வையைக் கழற்றி லூக்குக்குப் போர்த்தினேன். மாணவர் பத்திரிகையிலிருந்து ஒரு பெட்டை கமராவோடு வந்திருந்தாள். அவள் பாட்டுக்கு அங்கும் இங்குமாகப் படம் பிடிக்கப் போனாள். படம் பிடிக்கிற முறையா அது? எல்லோரையும் எழுப்பி, உயரமானவர்களைப் பின்னுக்கு நிறுத்தி, நிர்வாகத்தை முன்னுக்கு இருத்தி, கைகளை முழங்காலில் வைக்கச் சொல்லி, ஒருவரும் சிரிக்கக் கூடாது என்று கட்டளையிட்டு, நடுவில் நான் இருந்தேன். தலைக்கு மேலே துணியில் எழுதின பதாகை, ஒரு பாய் அகலத்துக்கு அந்த இலை. இப்படியொரு ஒழுங்கான குழுப்படம் அந்தப் பல்கலைக்கழகம் தோன்றிய நாள் முதல் எடுக்கப்பட்டிருக்காது.

இன்று காலை மரியதாசன் உடுப்புத் தோய்க்கப் போன இடத்திலிருந்து, நிலக்கீழ் அறைச் சுவரில் ஒட்டியிருந்த அந்த மாணவர் பத்திரிகையைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தான். முதற்பக்கம். முழுப்பக்கம். என் முகம் தோசைக்கல் அளவு. அதன் கீழே கொட்டை எழுத்தில், "இருபத்திரண்டு வருஷமாக உண்கிறேன், இன்னும் ஒரு சாடி வருகிறது: இலங்கையின் முன்னாள் அதிகாரி." பெயர், தெரு, எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு கவனமான பத்திரிகை.

"அண்ணை, இனி ஜாம் எண்டு சொல்லேலாது" என்றான் மரியதாசன்.

என்னுடைய சட்டத்தரணி அம்மா தொலைபேசியில் எடுத்தா. அவவும் கண்டுவிட்டா. பன்னிரண்டாம் திகதிவரைக்கும் எந்தக் கூட்டத்துக்கும் போகாமல், எவரோடும் கதைக்காமல், முடிந்தால் மூச்சும் விடாமல் இருக்கச் சொன்னா. மூச்சை நான் குறைத்துவிட்டேன். மற்றது கஷ்டம்.

ஆகவே மருமகன், என் கையில் இருப்பது நீ ஒருவன். மந்திரியாரைக் காணும்போது வெறுங்கையோடு போகாதே, ஒரு நல்ல மீனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போ. முழுத் தடையையும் நீக்க முடியாவிட்டால் லேகியத்தை மட்டும் நீக்கச் சொல்லு. அதுவும் முடியாவிட்டால் பூபாலசிங்கம் என்கிற ஒருவரை மட்டும் நீக்கி ஒரு சின்னச் சுற்றறிக்கை. ஒரு பந்தி போதும், வேண்டுமானால் வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். உன் மாமி கதவுக்கு முட்டுக்கொடுத்த கட்டிலில் படுத்திருக்கிறாள் என்பதை மந்திரியாரிடம் சொல்ல வேண்டாம், அது அவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம். நீ மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

உன் குடும்பம் பனியிலும் சறுக்காமல், பதவியிலும் சறுக்காமல், மாடிக்கு மாடி உயர்ந்து வாழ வேண்டும். பிள்ளைகளுக்கு என் முத்தம். தமிழில் ஒரு சொல்லாவது சொல்லிக் கொடு, குறைந்தது 'மாமா' என்பதையாவது.

இப்படிக்கு,
தலைமை தாங்கித் தளர்ந்த உன் மாமன்,
சி. பூபாலசிங்கம்

பி.கு.: பனிப்புயலால் தபால்பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமற்போய், இந்தக் கடிதத்தை இன்னும் போடவில்லை. இன்று மார்ச் ஐந்து. மேலே எழுதியவை ஒன்றையும் செய்யாதே. மந்திரியாரிடம் போகாதே. மீன் வாங்கியிருந்தால் பொரித்துச் சாப்பிடு.

நேற்று இரண்டு பஸ் மாறி, லாசால் பக்கம் உள்ள சுங்கக் கந்தோருக்குப் போனேன். துணைக்கு மரியதாசன். மேசைக்கு அந்தப் பக்கம் உன் தங்கச்சி வயதில் ஒரு பிள்ளை, நடுவில் என் சாடி. இது என்ன என்று கேட்டாள். பின்னாலிருந்து "ஜாம், ஜாம்" என்று தேவாலயத்தில் செபிக்கிற மாதிரி ஒரு குரல். நான் நெஞ்சை நிமிர்த்தி, உள்ளதை உள்ளபடி, பரியாரியார் பெயர் முதல் நெல்லிக்காய் அளவு வரைக்கும் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு, ஒரு கிள்ளு எடுத்து உள்ளே அனுப்பினாள். ஒன்றேகால் மணித்தியாலம் சுவரோர மரவாங்கில் குந்தியிருந்தேன். உன் மாமி ஞாபகம்தான். பிறகு அவள் வந்து, "இதில் இஞ்சி, சர்க்கரை, நெய். வேறொன்றும் இல்லை ஐயா" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "இருக்கு, வடிவாய்ப் பாருங்கோ!" என்றேன். திரும்பப் பார்த்தார்கள், இல்லை. "அடியில பாருங்கோ, அடியிலதான் தங்கியிருக்கும்" என்றேன். மரியதாசன் என் காலை மிதித்தான். அடியிலும் பார்த்தார்கள். இல்லை. போதைப்பொருள் எதுவும் காணப்படவில்லை என்று ஒரு கடுதாசியில் எழுதி, முத்திரை குத்தி, கையில் தந்து, சாடியையும் தந்தாள்.

வாய்க்கட்டுத் துணிக்குள் உன் மாமியின் கடிதம் மடித்துக் கிடந்தது. அப்படியே எழுதுகிறேன்: "மச்சான், சாடி வந்து சேரும் எண்டு நம்புறன். அங்க பிடிப்பாங்க எண்டு பயப்பட வேணாம். உங்கட சாடிக்கு மட்டும் அந்த இலையப் போடாதீங்க எண்டு கலியாணம் முடிச்ச அடுத்த வருசமே பரியாரியாரிட்டச் சொல்லி வச்சன். கச்சேரிக்குப் போற மனிசன் எண்டு பயம். அவரும் சிரிச்சுப்போட்டுச் சொன்னார், இவருக்கு அது இல்லாமலே போதும் எண்டு."

இருபத்திரண்டு வருஷம், மருமகன்! அந்த ஞானம், அந்தக் குறிப்புகள், அந்த நாற்பது நிமிஷத் தலைமையுரை, எல்லாம் வெறும் சுக்கும் கருப்பட்டியுமா? லூக்கிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. இயக்கம் உடைந்துவிடும்.

ஆனால் அந்த முத்திரைக் கடுதாசியை இன்று காலை சட்டத்தரணி அம்மா பார்த்துவிட்டு, என் வழக்குக் கோவையில் முதலாவதாக வைத்திருக்கிறா. மாட்டுப்படுவேன் என்று தெரிந்தும் மறைக்காமல் சொன்னபடியால், நான் சொல்வதெல்லாம் மெய் என்பதற்கு அடையாளமாம். பொய் என்று நிரூபித்த கடுதாசி என்று நான் விளங்கப்படுத்தப் போனேன், கதைக்க வேண்டாம் என்றா. யோசித்துப் பார்க்கிறேன். என்னிடத்தில் குற்றமான சாமான் ஒன்றும் இல்லை என்று ஒரு அரசாங்கம் எனக்கு எழுதித் தந்தது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. நேற்று இரவு அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

தடைநீக்கத்துக்கு இனி அவசரமில்லை. முப்பது வருஷத்துக்கு ஆறுதலாய் யோசிக்கட்டும். உன்னிடம் நான் கேட்பது வேறொன்று. பன்னிரண்டாம் திகதி காலை பத்து மணிக்கு வந்து என் பக்கத்தில் இரு. அங்கே தலைமை வேறு ஆள். நான் எழும்பாமல், கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள நம்முடைய ஆள் ஒருவர் வேண்டும்.